தாவீதின் கால் விரல்

விழுந்தவனைக் கிடக்க விடக்கூடாது என்பது கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எழுதாத சட்டம். எவன் விழுந்தாலும் நாலு பேர் ஓடிவருவார்கள். ஒருவன் அக்குளில் கை கொடுத்து உட்கார வைப்பான். ஒருவன் முகத்தில் சோடா அடிப்பான். இன்னொருவன் தலையைப் பிடித்து உலுக்கி, "இன்னாடா, ஆள் தெரியுதா?" என்று கேட்பான். அப்புறம் தலைமாட்டில் ஒருவன், கால்மாட்டில் ஒருவன் என்று தூளி மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் பாசத்தில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

தேசப்பனும் அந்தச் சட்டத்தை ஒருமுறை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன்தான். அதனால்தான் எழுபத்தொன்பதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரும்பு வார்க்கும் அந்தப் பட்டறையில் கிரேன் மேடையிலிருந்து வரதன் விழுந்தபோது, எல்லோரும் தூக்க ஓட, அவன் மட்டும் "யாரும் தொடாதே!" என்று அலறினான்.

வரதன் மணல் குவியலின் ஓரத்தில் மல்லாந்து கிடந்தான். கண் திறந்திருந்தது. தேசப்பனைப் பார்த்ததும் உதட்டை அசைத்தான்.

"நரம்பு டாக்டரே... கழுத்துல இன்னாவோ ஆய்ப்போச்சு. கையெல்லாம் சுரீர் சுரீர்ங்குது."

அந்தப் பட்டப்பெயரை வைத்தவனே அவன்தான். போன மாதம் கம்பெனியிலிருந்து தேசப்பனைத் திருவள்ளூருக்கு மூன்று நாள் முதலுதவி வகுப்புக்கு அனுப்பினார்கள். ஒரு ஆளாவது படித்த சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவன் என்று கைக்கு அகப்பட்டவன் தேசப்பன். சான்றிதழோடு திரும்பிய அன்றே வரதன் தன் கையை நீட்டி, "நாடி பாரு டாக்டரு, பேஜாரா கீது" என்று கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டான்.

வகுப்பு எடுத்தவர் ஸம்பத்குமார் என்ற இளைஞர். நெற்றியில் திருமண், கையில் பிரம்பு, சுவரில் கதவளவு ஒரு படம். தோலை உரித்த மனிதன் ஒருவன் அதில் நின்றான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை மஞ்சள் கோடுகள்.

"கையில பச்சையாத் தெரியறதே, அதை நரம்புன்னுதான் எல்லாரும் சொல்றா. அது நரம்பில்லை, ரத்தக்குழாய். நரம்பு உள்ளே இருக்கும், வெள்ளை நூல் மாதிரி" என்று ஆரம்பித்தார். மூளையிலிருந்து கீழே இறங்குவது தண்டுவடம். சுண்டுவிரல் பருமன்தான். முதுகெலும்புத் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே குழாய் மாதிரி விட்ட வழியில் அது பத்திரமாக இறங்குகிறது. வழி நெடுக இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக முப்பத்தொரு ஜோடி நரம்புகள் பிரிகின்றன. அவற்றில் உணர்வு நரம்பு சுடுகிறது, வலிக்கிறது என்று மேலே சேதி கொண்டுபோகும். இயக்க நரம்பு கையைத் தூக்கு, காலை நீட்டு என்று கீழே உத்தரவு கொண்டுவரும்.

"எலும்பு உடைஞ்சா கூடிடும் சார். தண்டுவடம் அறுந்தா கூடாது. நெறைய பேருக்கு விழறச்சே கால் போறதில்லை. தூக்கறச்சேதான் போறது."

அந்த இடத்தில் தேசப்பன் எழுந்தான். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே போய், குழாயடியில் வெகுநேரம் நின்றான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பி ஏற்றிய லாரியின் மேலிருந்து, அப்போது இதே பட்டறையில் வேலை பார்த்த தாவீது முதுகு அடிபட விழுந்தான். "இடுப்பு போச்சே" என்று கத்தினான். ஆனால் அவனுடைய வலது கால் கட்டைவிரல் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்ததைத் தேசப்பன் தன் கண்ணாலேயே பார்த்தான். பார்த்துவிட்டு அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். தாவீதின் தம்பி ஜெயராஜ் முழங்கால்களைப் பிடித்தான். இருவருமாக அவனை இரண்டாக மடக்கி மானேஜர் காரில் திணித்தார்கள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது அந்த விரல் ஆடவில்லை. அதன்பிறகு என்றைக்குமே ஆடவில்லை. தாவீது இப்போது கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில், சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து வேர்க்கடலை விற்கிறான். படம் பார்த்த நாளிலிருந்து தேசப்பன் அந்த ஸ்டேஷன் வரும்போதெல்லாம் ரயிலில் கண்ணை மூடிக்கொள்வான்.

இப்போது மணலோரத்தில் உட்கார்ந்து வரதனின் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்காலில் நகத்தால் கீறினான்.

"தெரியுதா?"

"தெரியுது."

"வெரல ஆட்டு."

விரல் ஆடியது. ஆடாமல் இருந்திருந்தால்கூட தேசப்பன் இவ்வளவு பயந்திருக்க மாட்டான். இன்னும் அறுந்துபோகாத ஒன்று இப்போது அவன் பொறுப்பில் கிடந்தது.

அதற்குள் மானேஜர் காரைப் பட்டறை வாசல்வரை கொண்டுவரச் சொல்லிவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெயராஜ் வந்தான். யூனியன் செயலாளர். அவன் குரலுக்குப் பட்டறை அடங்கும்.

"இன்னா எல்லாம் வேடிக்க பாத்துக்கினு நிக்கிறீங்க? தூக்குங்கடா!"

"வேணாம் ஜெயராஜு. கார் வேணாம். மடங்கக்கூடாது."

"கார் வேணாமா? மூணு நாள் படிச்சிட்டு வந்து எங்களுக்கே டாக்டரா? ஆளு செத்துப்போனா நீயா பதில் சொல்லுவே? எங்கண்ணன நாம தூக்கிக்கினு போவல? அவன் பொழைக்கல?"

கூட்டம் ஜெயராஜ் பக்கம் சாய்ந்தது. இரண்டு பேர் குனிந்துவிட்டார்கள். ஒருவன் கை வரதனின் தோளுக்கடியில் போய்விட்டது. வரதன் "அம்மா" என்றான்.

தேசப்பன் எழுந்து ஜெயராஜின் சட்டையைப் பிடித்துத் தன்னோடு இழுத்தான். அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "தாவீது கால் கீழ வுழுந்தப்போ போவல. வெரல் ஆடிக்கினு இருந்திச்சி, நான் பாத்தேன். நான் அக்குள்ல கை குடுத்தேன், நீ காலப் புடிச்சே. மடக்கினோம் பாரு, அப்பத்தான் போச்சு. நாமதான் ஜெயராஜு. இவனையும் அப்டி ஆக்கிடாதே."

ஜெயராஜ் அடிப்பான் என்று தேசப்பன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜெயராஜின் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு திரும்பி, "எல்லாம் கைய எடுங்கடா" என்றான். குரல் அவனுடையது போலவே இல்லை. "தேசப்பன் சொல்றபடி செய்யுங்க."

தேசப்பனுக்கு அதற்கப்புறம் யோசிக்க நேரமில்லை. ஸ்டோர் ரூம் கதவைக் கழற்றினார்கள். பட்டறையில் எதற்குப் பஞ்சமோ, மணலுக்குப் பஞ்சமில்லை. சின்னச் சாக்குகளில் மணல் கட்டினார்கள். ஜெயராஜை வரதனின் தலைமாட்டில் மண்டிபோட வைத்து, தலையை இரு கையாலும் பிடிக்கச் சொன்னான்.

"மூக்கும் தொப்புளும் எப்பவும் ஒரே நேரா இருக்கணும். நான் சொல்ற வரைக்கும் வுடாதே."

நாலு பேர் ஒரு பக்கமாக உட்கார்ந்து, தேசப்பன் சொன்ன ஒரே சொல்லுக்கு, உடம்பைக் கட்டை போலப் புரட்டினார்கள். கதவைச் செருகி, மெல்லத் திரும்பச் சாய்த்தார்கள். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை. நெற்றி, மார்பு, இடுப்பு, தொடை என்று துண்டுகளால் கதவோடு கட்டினார்கள். மறுபடி விரலை ஆட்டச் சொன்னான். ஆடியது.

பாதி மணல் இறக்கிய லாரி ஒன்று நின்றிருந்தது. பாரம் இருந்தால் தூக்கிப் போடாது என்று அதில்தான் கதவை ஏற்றினான். காலியாக நின்ற காரைப் பார்த்து மானேஜர் முகம் சுளித்தார். மாட்டு வண்டி வேகத்தில் லாரி சென்னைக்குப் புறப்பட்டது. கால் மணிக்கொரு தடவை தேசப்பன் "ஆட்டு" என்பான். வரதன் ஆட்டுவான். அந்த விரலைப் பார்ப்பதைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை.

கவரைப்பேட்டை வந்தது. ஸ்டேஷனுக்குப் பிரியும் இடத்தில், ரோட்டோரமாகப் பலகையில் தாவீது உட்கார்ந்திருந்தான். லாரியின் மேல் தம்பியைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி, "டேய் ஜெயராஜு!" என்று கூப்பிட்டான். ஜெயராஜின் இரண்டு கையும் வரதனின் தலையில் இருந்தன. அவன் அண்ணனைப் பார்த்தான். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

செங்குன்றத்துக்கு முன்னால் வரதனுக்குக் குமட்டியது.

"டாக்டரே, வாந்தி வருது. எழுப்பி வுடு."

"எழுந்திருக்காதே! ஜெயராஜு, வுடாதே!" தேசப்பனும் கிளீனரும் கதவோடு சேர்த்து அவனை ஒருக்களித்துச் சாய்த்தார்கள். வாந்தி தேசப்பனின் மடியில் விழுந்தது. கதவைச் சமமாக வைத்ததும் "ஆட்டு" என்றான்.

விரல் ஆடவில்லை.

"ஆட்டுடா!"

வரதன் கண்ணை மூடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். தேசப்பன் வேண்டாத தெய்வமில்லை. எண்ணினால் பத்துகூட வந்திருக்காது. அதற்குள் ஒரு ஆயுசு போய்விட்டது.

"இருய்யா, வாய் தொடைக்க வேணாமா? உன் வெரலு பெரிய பேஜாராப் போச்சு" என்று வரதன் முனகினான். விரல் ஆடியது.

ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்து எலும்பில் விரிசல், தண்டுவடம் தப்பிவிட்டது என்றார். "கொஞ்சம் திரும்பியிருந்தா கை கால் ரெண்டும் போயிருக்கும். யாருய்யா கட்டினது?" ஜெயராஜ் மோவாயால் தேசப்பனைக் காட்டினான். டாக்டர் தேசப்பனின் தோளில் தட்டினார். தேசப்பனால் தலை நிமிர முடியவில்லை.

வராந்தாவில் ஜெயராஜ் மரத்துப்போன விரல்களை மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அவற்றைப் பார்த்தபடியே கேட்டான்.

"நெஜமாவே ஆடிச்சா?"

"ஆடிச்சி."

"தாவீது கிட்ட சொல்லிடாதே" என்றான் ஜெயராஜ். "ஸ்டேஷனாண்ட போறவன் வர்றவன் கிட்ட எல்லாம் இன்னா சொல்றான் தெரியுமா? 'எந்தம்பி மட்டும் அன்னிக்கு என்னைத் தூக்கிக்கினு ஓடலன்னா நான் அங்கியே செத்திருப்பேன்'ன்றான். ரெண்டு வருசமா அத்தச் சொல்லிக்கினுதான் உசுரோட கீறான்."

சாயங்கால ரயிலில் இருவரும் கவரைப்பேட்டையில் இறங்கினார்கள். தாவீது கடலைக் கூடையை மூடிக்கொண்டிருந்தான்.

"இன்னா நைனா, வரதன் வுழுந்துட்டானாமே? எப்படிக் கீறான்?"

"பொழைச்சிக்கினாண்ணா" என்றான் தேசப்பன். "நடப்பான்."

"யாரு தூக்கினு போனது?"

தேசப்பன் ஜெயராஜைப் பார்க்கவில்லை. தாவீதின் காலைத்தான் பார்த்தான். இன்று கண்ணை மூடிக்கொள்ள முடியவில்லை.

"உன் தம்பிதாண்ணா."

தாவீதின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் கடலை வாங்க நின்றவனிடம் திரும்பி, "பாத்தியா? எந்தம்பி கை ராசி. என்னையும் இவந்தான் தூக்கினான்" என்றான்.

ஜெயராஜ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றான்.