தெரியாமல் கை பட்ட அழைப்பு

வெள்ளிக்கிழமை மத்தியானம் லோவல் ஹானெக் அலுவலக மேசையிலேயே சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. திரையில் டக்கர் ஸ்வோபோடாவின் பெயர். லோவல் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது.

லோவல் ஒரு பல்கலைக்கழக பேஸ்பால் அணியின் துணைக் கோச். நன்றாகப் பந்தெறியும் பிட்சர்களைப் பள்ளிகளிலிருந்து தேடிப் பிடித்துக் கொண்டுவருவது அவர் வேலை. டக்கருக்குப் பதினாறு வயது, பள்ளியில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. அந்த வயதுப் பையன்களோடு ஆகஸ்ட் ஒன்றாம் தேதிவரை எந்தக் கல்லூரிக் கோச்சும் தொலைபேசியில் பேசக் கூடாது, குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது, அப்பா அம்மாவோடும் பேசக் கூடாது. ஆட்டத்தைப் பார்க்கலாம். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து பையன் எத்தனை மைல் வேகத்தில் எறிகிறான், எத்தனை தடவை துப்புகிறான் என்று எண்ணலாம். ‘சாப்பிட்டியாப்பா’ என்று மட்டும் கேட்கக் கூடாது. பிள்ளைகளை நிம்மதியாக இருக்க விடுவதற்காக வந்த விதி. அது வந்தபோது லோவலும் கைதட்டியவர்தான்.

ஆகஸ்டுக்கு இன்னும் பதினான்கு நாள் இருந்தது. ஜூன் மாதப் பயிற்சி முகாமில் லோவலிடம் பந்துப் பிடி கற்றுக்கொண்டு போனதிலிருந்து ஞாயிறு தவறாமல் டக்கர் கூப்பிடுவான். எடுக்க மாட்டார் என்று தெரிந்தே கூப்பிட்டு, குரல் பதிவில் ஆட்டக் கதையெல்லாம் சொல்லிவிட்டு வைப்பான். லோவல் ஒன்றுவிடாமல் கேட்பார். கேட்பதைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஞாயிறு இல்லையே என்று அவர் பதிவைப் போட்டார்.

“கோச், டக்கர் பேசறேன். நீங்க திருப்பிக் கூப்பிட முடியாதுன்னு தெரியும். யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்துச்சு. நேத்து எறியறப்ப முழங்கைக்குள்ள ‘டப்’புனு ஒரு சத்தம் கோச். சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கிடக்கு. அப்பாகிட்ட சொல்லல. ஆனா பயப்படாதீங்க, நாளைக்கு கிராண்ட் ஐலண்ட் ஊர் மேட்ச்ல கண்டிப்பா எறிவேன். நீங்க வர்றீங்கல்ல?”

லோவல் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். அவருடைய வலது முழங்கையின் உட்புறத்தில் நீளமாக ஒரு தழும்பு உண்டு. பத்தொன்பது வயதில் அதே சத்தத்தைக் கேட்டவர் அவர். கேட்ட பிறகும் மூன்று நாள் வாயைத் திறக்காமல் எறிந்து, தன் ஆட்டத்தைத் தானே முடித்துக்கொண்டவர்.

கீழ்த்தளத்தில் மார்லா இருந்தாள். பல்கலைக்கழகம் விதியை மீறாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அவளுக்குச் சம்பளம்.

“செய்தியக் கேட்டது தப்பில்ல. திருப்பிக் கூப்பிட்டாத்தான் தப்பு,” என்றாள்.

“பையன் கை போயிடும், மார்லா.”

“நீ என்ன டாக்டரா?”

“எனக்கே போயிருக்கு.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கல்நெஞ்சக்காரி இல்லை அவள். “விவரமா ஒரு மெயில் போடு. மேல கேட்டுச் சொல்றேன். திங்கக்கிழமை பதில் வந்துடும்.”

“ஆட்டம் நாளைக்குக் காலைல!”

“லோவல், போன வருஷம் டென்னிஸ் கோச் ஒரு ஸ்கூல் பொண்ணுக்கு ஃபோன்ல ஒரே ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்பினாரு. அந்தப் பொண்ணையே நாம மறந்துட வேண்டியதாப் போச்சு. நீ கூப்பிட்டா இந்தப் பையனுக்கு நம்ம கதவு மூடிடும். அவன் வேற எந்தக் காலேஜையும் கேக்கல, நம்மளத்தான் கேக்கறான். யோசிச்சுக்கோ.”

பையன் வெளியே ஆடும் கிளப் அணியின் கோச்சோடு பேசத் தடை இல்லை. லோவல் அந்தக் கோச் டுவைட் ஹோல்மைக் கூப்பிட்டார்.

“மரத்துப் போச்சாமா?” டுவைட் சிரித்தான். “இந்த வயசுல பாதி நாள் மூளையே மரத்துப்போய்த்தான் வர்றானுங்க.”

“விளையாட்டு இல்ல டுவைட். அவனை உக்கார வை.”

“ஆறு காலேஜ்லேருந்து ஆளு வருது. உக்கார வைக்கவா அவங்கப்பன் ராத்திரி ஷிஃப்டை விட்டுட்டு ட்ரக்கை ஓட்டிட்டு வர்றாரு? ஓ, புரிஞ்சுபோச்சுய்யா! மத்தவன் பாக்கறதுக்குள்ள நீயே அமுக்கிடலாம்னு பாக்கறே!”

வைத்துவிட்டான். லோவல் உட்கார்ந்து மார்லாவுக்கு மெயில் எழுதினார். இரண்டு பக்கம், பிழை திருத்தி, பணிவாக. உண்மையைச் சொன்னால், அனுப்பி முடித்ததும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட மாதிரி.

சனிக்கிழமை காலை மைதானத்து வாகன நிறுத்தத்தில் அந்த நிம்மதி போய்விட்டது. கம்பி வேலிக்கு அப்பால் டக்கர் தெரிந்தான். தண்ணீரை உதறுவதுபோல் வலது கையை உதறினான். விரல்களைப் பார்த்தான். மறுபடி உதறினான்.

சனியன் பிடித்த விதி, போகட்டும் என்று லோவல் எண்ணை அழுத்தினார்.

டக்கர் பையிலிருந்து கைபேசியை எடுப்பது தெரிந்தது. திரையைப் பார்த்தான். சட்டென்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு, யாராவது கவனிக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அரை நிமிடத்தில் செய்தி வந்தது.

‘கோச், தெரியாம கை பட்டுடுச்சு போல. கவலைப்படாதீங்க, அழிச்சுட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆகஸ்ட் ஒண்ணு பேசலாம்!’

மறுபடி அழைத்தார். கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

லோவல் ஓடினார். வண்டியைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருந்தார். வேலியை எட்டுவதற்குள் பையன் பந்தெறியும் மேட்டில் ஏறிவிட்டான். ஆறு கல்லூரிக்காரர்களும் வேகம் அளக்கும் கருவியைத் தூக்கிப் பிடித்தார்கள். முதல் பந்து தொண்ணூற்று மூன்று மைல். கூட்டம் ஆர்ப்பரித்தது.

“டக்கர்! நிறுத்துடா! எறியாதே!”

அந்தச் சத்தத்தில் வார்த்தை போய்ச் சேரவில்லை, குரல் மட்டும் சேர்ந்தது. டக்கர் திரும்பினான். லோவலைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, தொப்பியைத் தொட்டுக் காட்டினான். அடுத்த பந்தை இன்னும் வேகமாக எறியப் போனான். பந்து எங்கோ போய் வேலியில் மோதியது. பையன் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டுவிட்டான்.

திங்கட்கிழமை பதில் வந்தது. உடல்நலம் சம்பந்தப்பட்டது என்றால் பெற்றோரை அழைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். லோவல் தான் அழைத்ததைச் சொன்னபோது மார்லா அவர் முகத்தைப் பார்க்காமல், “அவன் எடுக்கலல்ல? எடுக்காத ஃபோன் ஃபோனே இல்ல,” என்றாள்.

ஆகஸ்ட் ஒன்று. காலை எட்டு மணிக்கே லோவல் எண்ணைத் திறந்து வைத்தார். அழுத்தியபோது மாலை ஐந்து.

“கோச்!” முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். “நீங்கதான் ஃபர்ஸ்ட். வேற யாரும் இன்னும் கூப்பிடல.”

“கை எப்படிப்பா இருக்கு?”

“செவ்வாக்கிழமை ஆபரேஷன் ஆச்சு. ஒன்றரை வருஷம் ஆகுமாம்.” பிறகு குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. “அன்னைக்கு நான் எப்படிச் சமாளிச்சேன் பாத்தீங்களா கோச்? டுவைட் பக்கத்துலயே நின்னாரு. எடுத்திருந்தா நீங்க மாட்டியிருப்பீங்க.”

‘ஆமாப்பா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பையன் அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடத்தை ஓட்டிவிடுவான். லோவலுக்கு நாக்குவரை வந்துவிட்டது. ஆனால் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுக்காரனை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“கை படல டக்கர். உன்னைத்தான் கூப்பிட்டேன். எறியாதேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

மறுமுனையில் டக்கர் தொலைக்காட்சியை அணைப்பது கேட்டது.

“அப்போ நான் எடுத்திருக்கணுமா, கோச்?”

“இல்லப்பா. நான் வெள்ளிக்கிழமையே கூப்பிட்டிருக்கணும்.”

பையன் அழைப்பைத் துண்டிக்கவில்லை. லோவலும் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.