அப்பாவின் கறுப்பு

அப்பா காய்ச்சலில் படுத்து இறந்துபோய் இரண்டு வருடமாகியும் எங்கள் வடக்குத்து வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட இல்லை. சுவரில் மாலையோடு தொங்குகிறவர் வேறு யாரோ. அந்த ஆள் வெள்ளை வெளேரென்று இருப்பார். என் அப்பா இன்னாசிமுத்து, நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர், நல்ல கறுப்பு.

எல்லாம் அம்மா செய்த வேலை. கல்யாணத்தன்று அவளுடைய மேல்பட்டாம்பாக்கத்து உறவுகள் "ரெஜினாவுக்குக் கரி மாப்பிள்ளை" என்று சிரித்தார்களாம். அன்றிலிருந்து அம்மா எந்தப் படத்தையும் சும்மா விட்டதில்லை. ஸ்டுடியோவுக்குப் போனால், "மொகத்த மட்டும் கொஞ்சம் டச்சப் பண்ணி வெளுப்பா குடுங்க" என்பாள். ஸ்டுடியோக்காரரும் நெகட்டிவில் பென்சிலால் தீட்டி அப்பாவை வெளுத்துவிடுவார்.

அப்படி எடுத்த படத்தை கேட் பாஸில் ஒட்டிக்கொண்டு போனவரை ஒருநாள் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். "இது யாருய்யா, ஒன் மொதலாளியா?" அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மாதான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த வருடம், 2001இல், சுரங்கத்து டவுன்ஷிப் கிளப்பில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். நான் பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறவள். பழைய புகைப்படங்களை வெட்டி ஒட்டி அப்பாவின் முகத்தைச் செய்ய ஆசைப்பட்டேன். பீரோவில் இருந்ததையெல்லாம் தரையில் பரப்பினேன். ஞானஸ்நானம், கோயிலில் நான் முதல் அப்பம் வாங்கிய புதுநன்மை, வீடு குடிபோனது. எல்லாவற்றிலும் அந்த வெள்ளை மனிதர்தான் நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாவின் நிறம் எனக்கும் மறந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் கையைப் பார்த்தேன். என் புதுநன்மைப் படத்தில், என் வெள்ளைக் கவுனின் தோள்மேல், கறுப்பாக, அப்பாவின் கை. அம்மா முகத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். ஸ்டுடியோக்காரரும் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்தேன். எதிலும் கையை யாரும் தொட்டிருக்கவில்லை.

இருபது படங்களில் இருந்த கைகளை வெட்டி, ஓர் அட்டையில் துண்டு துண்டாக ஒட்டினேன். கன்னம் வந்தது, மூக்கு வந்தது. நெற்றிக்குத்தான் துண்டு போதவில்லை.

அம்மா வந்து நின்றாள்.

"படத்தையெல்லாம் கிழிச்சிகினு என்னாடி பண்ற?"

"அப்பாவ பண்றேன். கண்காட்சியில வெக்கப்போறேன்."

"சனம் என்னா சொல்லும்?"

"கறுப்புன்னு சொல்லும். கறுப்புதானம்மா?"

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன். அவள் மெதுவாக உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஷிப்ட் முடிச்சிட்டு வந்து நின்னுகினு இருக்கிற மாதிரியே இருக்கு," என்றாள். "நெத்தி எங்கடி?"

"துண்டு பத்தல."

எழுந்து போய்த் தன் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தாள். நான் அதைத் தொடக்கூடப் பயந்திருந்தேன். சட்டத்தின் ஆணிகளை அவளே பிடுங்கி, படத்தை என் முன்னால் வைத்தாள். அதில் அப்பாவின் கறுப்புக் கையை அம்மாவின் கை பற்றியிருந்தது.

"ஒங் கைய விட்டுட்டு எப்பிடிம்மா வெட்றது?"

அம்மா கத்தரிக்கோலை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"சேத்தே வெட்டு. கடைசி ராத்திரி பூரா எங் கை அவரு நெத்தியிலதான் இருந்துது."