தொடாமல் வாங்கிய மதிப்பெண்

வேதியியல் ஆய்வகத்துக்கும் நடைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர் இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியங்களில் அதன் உள்பக்கம் சுக்மாவின் வகுப்பு மொத்தமும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கும். சுக்மா மட்டும் வெளிப்பக்கம், நடையில் போட்டிருந்த மரப்பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளும் கோட்டு போட்டிருப்பாள். போடவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் துவைத்து, இஸ்திரி போட்டு, எடுத்துவந்து மாட்டிக்கொள்வாள்.

உள்ளே பேசுவது வெளியே கேட்காது. யாரோ ஏதோ சொல்வார்கள், நாலு பேர் சிரிப்பார்கள், ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். சுக்மா பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்பு முடிந்ததும் அவளுடைய ஜோடியான தியாஸ் வெளியே வந்து அளவுகளைச் சொல்லுவாள். சுக்மா அதை வைத்து அறைக்குப் போய் அறிக்கை எழுதுவாள். வகுப்பிலேயே நல்ல அறிக்கை அவளுடையதுதான். மூன்று பருவமாக ஆய்வகப் பாடத்தில் அவளுக்கு ஏ.

இது இப்படி ஆனது முதல் பருவத்தில். பதினோரு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வொனொசோபோ மலையூரிலிருந்து செமாராங் நகரத்துக்குப் படிக்க வந்த புதிதில், ஊர் மாறி, தூக்கம் கெட்டு, ஒரு நாள் ஆய்வகத்திலேயே வந்துவிட்டது. விழும்போது கையில் இருந்த குடுவை உடைந்து நெற்றியைக் கிழித்தது. கண் விழித்தபோது அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காலணிகள். சுற்றிலும் வட்டமாக, ஓர் ஆள் நீளம் தள்ளி. வலிப்புக்காரியின் எச்சில் பட்டால் தொற்றிக்கொள்ளும் என்று அங்கே பலரும் நம்புகிறார்கள். அவள் தானாகவே எழுந்து உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் தானே வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஆய்வக ஆசிரியை ரெத்னோ அவளைக் கூப்பிட்டார். மரியாதைக்கு எல்லோரும் அவரை இபு, அதாவது அம்மா, என்பார்கள்.

"உன் உயிர்தாம்மா முக்கியம். இனிமே நீ வெளிய உட்காரு. அளவெல்லாம் தியாஸ் தருவா, நீ எழுதிக் குடு. மார்க்கைப் பத்திக் கவலையே படாதே."

சொன்னபடியே செய்தார். ஒரு தடவைகூட மதிப்பெண்ணில் கை வைக்கவில்லை. பண்டிகைக்கு முன்னால் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம்கூடக் கொடுத்தார். நல்ல மனுஷி என்று சுக்மாவின் அம்மா போனில் அழுதாள். இவ்வளவு நல்லவரைப் பற்றி யாரிடம் போய் என்ன குறை சொல்வது?

விடுதியில் ஏழு பெண்கள். அங்கே யாரும் அவளை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசியதில்லை. ஆனால் சுக்மாவின் தம்ளர் மட்டும் தனியாக, ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும். யார் வைத்தது என்று அவள் கேட்கவும் இல்லை, அதை எடுத்து மற்றவற்றோடு சேர்க்கவும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தெருமுனையில் சோறும் டெம்பே என்கிற சோயா வறுவலும் வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவாள்.

நாலாவது பருவம் தொடங்கிய வாரம் முதலாண்டுப் பெண்கள் இரண்டு பேர் அவளைத் தேடி வந்தார்கள்.

"அக்கா, நீங்கதானே லேப்ல எப்பவும் ஏ? எங்களுக்கு டைட்ரேஷன் வரவே மாட்டேங்குது. நிறம் சட்டுனு எகிறிடுது. கடைசிச் சொட்டு எப்படிக்கா பிடிக்கிறீங்க? காலியா ஒரு மேசை இருக்கு, ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன்."

கண்ணாடிக் குழாயிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விடவேண்டும், ஒரே சொட்டில் நிறமில்லாத தண்ணீர் வெளிர் ரோஜா நிறமாகும், அங்கே நிறுத்தவேண்டும். இது பற்றிப் பத்துப் பக்கம் அவளால் எழுத முடியும். கையால் செய்தது ஒரு தடவைகூட இல்லை.

"எனக்கு வேற வகுப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சுக்மா படியிறங்கினாள். வகுப்பு எதுவும் இல்லை. நூலகத்துக் கழிப்பறையில் போய் வெகுநேரம் நின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக இபு ரெத்னோவின் அறைக்குப் போனாள்.

"வாம்மா, உட்காரு. உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு இபு. மார்க் விஷயமா வந்தேன்."

"'ஏ'தானே போட்டிருக்கேன்? அதுக்கு மேல எங்கிட்ட சரக்கு இல்லையே."

"அதை எடுத்துடுங்க இபு."

இபு ரெத்னோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இந்த நாற்காலியில உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. கூட்டிப் போடுங்கன்னு அழுதவங்க உண்டு. மாமா போலீஸ்ல இருக்காருன்னு மிரட்டினவன்கூட உண்டு. குறைச்சுப் போடுங்கன்னு வந்தது நீ ஒருத்திதான்."

சுக்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அது என் மார்க் இல்ல இபு. தியாஸோட கை, என்னோட எழுத்து. நாளைக்கு ஒரு கம்பெனியில வேலைக்கு எடுத்து, இந்தக் குடுவையைப் பிடின்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? வெளிய பெஞ்ச் இருக்கான்னு கேக்கட்டுமா?"

இவ்வளவு பேசுவோம் என்று அவளே நினைக்கவில்லை.

இபு ரெத்னோ எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். "அன்னிக்கு நீ விழுந்தப்போ நான் கதவுகிட்டதான் நின்னேன்" என்றார். "உனக்குத் தெரியுமோ என்னமோ. இத்தனை படிச்சும் எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. கிட்ட வரவே காலு எழும்பல. உன்னை வெளிய உட்கார வெச்சது உனக்காக மட்டும்னு சொன்னா அது பொய். அந்தப் பயம் மறுபடி வேண்டாம்னு எனக்காகவும்தான்."

மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, மறுபடி வந்தா நாங்க என்ன செய்யணும்? டாக்டர்கிட்ட அப்புறம் கேட்டுக்கலாம். முதல்ல நீ சொல்லு."

அவளை யாரும் இதுவரை இப்படிக் கேட்டதில்லை. மந்திரிக்கலாமா, ஊருக்கு அனுப்பலாமா, படிப்பை நிறுத்தலாமா என்று அவள் தலைக்கு மேலேதான் பேசியிருக்கிறார்கள். அவள் நிதானமாக யோசித்துச் சொன்னாள்.

"பிடிச்சு அமுக்காதீங்க. வாயில ஸ்பூன் கீன் எதுவும் திணிக்காதீங்க. பக்கத்துல கண்ணாடி இருந்தா நகர்த்திடுங்க. தலைக்கு அடியில மெத்துன்னு ஏதாவது வெச்சு, ஒருக்களிச்சுத் திருப்பி விடுங்க. தானா நின்னுடும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா மட்டும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. அப்புறம்... முழிப்பு வர்றப்போ எங்க இருக்கேன்னே தெரியாது. யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நல்லா இருக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் இபு."

"இதைக் கேக்கறதுக்கு எனக்கு மூணு பருவம் ஆயிருக்கு" என்றார் இபு ரெத்னோ.

அவள் சம்மதத்தோடு டாக்டரிடமும் பேசினார். சுவரோரம் தாழ்வான மேசை ஒன்று அவளுக்காக ஒதுக்கப்பட்டது. தீச்சுடருக்குப் பதில் மின்சார அடுப்பு. அடர் அமிலத்தை ஊற்றுவது மட்டும் ஜோடியின் வேலை, மற்றதெல்லாம் அவளுடையது. யாரிடம் சொல்வது என்பதையும் இபு ரெத்னோ அவளிடமே விட்டார்.

"எல்லாருக்கும்தான் தெரியுமே இபு."

"அவங்களா தெரிஞ்சிக்கிட்டது வேற, நீயா சொல்றது வேற. உனக்கு யார்கிட்ட இஷ்டமோ அவங்ககிட்ட மட்டும் சொல்லு. வகுப்புல எழுந்து நின்னு அறிவிக்கிற வேலையெல்லாம் நான் பண்ணமாட்டேன்."

சுக்மா தியாஸிடம் மட்டும் சொன்னாள். தியாஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "தப்பா நினைக்காதடி, எச்சில் பட்டா ஒட்டிக்குமாமே?" என்றாள்.

"ஒட்டாது. ஒட்டும்னா எங்கம்மாவுக்கு எப்பவோ வந்திருக்கணும்."

தியாஸ் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுக்மா கண்ணாடிக்கு உள்பக்கம் போனாள். மருந்து வாடை அவள் நினைத்திருந்ததைவிடக் காட்டமாக இருந்தது. குழாயின் திருகை மெல்லத் திருப்பினாள். சொட்டு, சொட்டு, சொட்டு. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள். அவ்வளவுதான், குடுவை முழுக்க ரோஜாக் குல்கந்து மாதிரி செக்கச்சிவந்துவிட்டது.

"போச்சுடா! சாயப் பட்டறையே வெச்சிடலாம்டி நீ" என்றாள் தியாஸ்.

மூன்று தடவை செய்தாள், மூன்றும் போச்சு. இபு ரெத்னோ வந்து பார்த்தார், சி போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். சுக்மா அந்த சி-யை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே விடுதிக்கு நடந்தாள். யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. விடுதியில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் இருந்தார்கள், யாரும் திரும்பவில்லை. அம்மாவிடம் சொல்லமுடியாது. மகள் பத்திரமாக வெளியே உட்கார்ந்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் அம்மா மலையில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறாள். சுக்மா அறைக் கதவைச் சாத்தி, கட்டிலில் மல்லாந்து படுத்து, காற்றில் திருகைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ஐந்தாறு வாரம் நன்றாகப் போயிற்று. சி போய் பி வந்தது. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை, பரீட்சைக்காகக் கண் விழித்துப் படித்த மறுநாள், அது வந்தது.

நினைவு திரும்பும்போது முதலில் ஒரு சத்தம். யாரோ கிணற்றுக்கு மேலேயிருந்து கூப்பிடுவது போல. "சுக்மா. சுக்மா. லேப்லதான் இருக்கே. நான் ரெத்னோ. சுக்மா." கன்னத்துக்கு அடியில் துணி. அது இபு ரெத்னோவின் கோட்டு. இபு ரெத்னோ அந்த ஈரத் தரையில், பத்திக் சாயப் பாவாடை நனைய, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை சுக்மாவின் தோளில் இருந்தது. அந்தக் கை நடுங்கியது, ஆனால் எடுக்கவில்லை. இன்னொரு கையால் சுக்மாவின் வாயோரத்தைத் துடைத்துவிட்டார்.

"குடுவை?" என்றாள் சுக்மா. நாக்குக் குழறியது.

"தியாஸ் நகர்த்திட்டா. உடையல. பேசாம படு."

தலையைத் திருப்பினாள். வட்டம் எதுவும் இல்லை. மற்ற மேசைகளில் அவரவர் வேலை நடந்துகொண்டிருந்தது. சிலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். தியாஸ் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

அன்று மாலை தியாஸ் விடுதிவரை கூடவே வந்தாள். வாசலில் நின்றுகொண்டு, "என்னால முடியலடி" என்றாள். "நீ சொன்னதெல்லாம் செஞ்சேன். ஆனா ராத்திரி தூக்கம் வராது எனக்கு. நான் வேற ஜோடி கேக்கப்போறேன். உன்மேல கோபம் இல்ல, சத்தியமா."

"தெரியும்" என்றாள் சுக்மா. "குடுவையை நகர்த்தினதுக்கு நன்றி."

தியாஸ் தெருமுனை திரும்பும்வரை சுக்மா பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அறையில் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலித்தது. அம்மா கூப்பிட்டாள்.

"என்ன கண்ணு, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

பொய் சொல்லத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே போனது, சி வாங்கியது, விழுந்தது. மறுமுனையில் வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பக்கத்துல ஆள் இருந்தாங்களா?" என்றாள் அம்மா கடைசியில்.

"டீச்சர் இருந்தாங்கம்மா. தரையில உட்கார்ந்திருந்தாங்க."

"தரையிலயா?"

"ஆமா."

அம்மா மூக்கை உறிஞ்சினாள். போகாதே என்று சொல்லுவாள் என்று சுக்மா காத்திருந்தாள். "வயித்துக்கு ஏதாவது சாப்பிடு" என்று மட்டும் சொல்லி அம்மா போனை வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஜோடி இல்லை. இபு ரெத்னோ இரண்டு பேரைக் கேட்டுப் பார்த்தார், இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். "கட்டாயப்படுத்தி உன் பக்கத்துல யாரையும் நிறுத்த எனக்கு மனசில்ல" என்று அவளிடம் சொல்லிவிட்டு, தன் ஸ்டூலையே அந்தத் தாழ்வான மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கிருந்தே மற்ற மேசைகளுக்குக் குரல் கொடுத்தார். அடர் அமிலத்தை அவரே ஊற்றினார். மற்றபடி அவள் வேலையில் தலையிடவில்லை.

கண்ணாடிக்கு உள்ளேயும் தனியாகத்தான் இருந்தது. சுக்மா குழாயைக் கழுவினாள், நிரப்பினாள், திருகைத் தொட்டாள். இந்த வாரம் அயோடின் சோதனை, நீல நிறம் மறையும் இடத்தில் நிறுத்தவேண்டும். நீலம் மெல்ல வெளுத்து வந்தது. பாதிச் சொட்டு. குழாய் நுனியில் தொங்கியதைக் குடுவையின் விளிம்பால் தொட்டு எடுத்தாள். நிறம் சுத்தமாகப் போயிற்று. குனிந்து அளவைப் படித்தாள். படித்துச் சொல்ல எதிரே ஜோடி இல்லை என்பது வாயைத் திறந்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சத்தமாகவே சொன்னாள்.

"பதினெட்டு புள்ளி நாலு."

பக்கத்து மேசையில் இருந்தவன் பெயர் ஹந்தோகோ. இரண்டு வருஷத்தில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் திரும்பாமலே, "எவ்வளவு சொன்னே?" என்றான்.

"பதினெட்டு புள்ளி நாலு."

"எனக்குப் பத்தொன்பது வருதே. எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்று முணுமுணுத்தபடி அவன் தன் குடுவையை மறுபடி கழுவப் போனான்.

சுக்மா எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டாவது தடவைக்குக் குழாயை நிரப்பினாள்.