சாம்பல் நிற டை

கோடு போட்ட கால்சட்டை என் வீட்டுக்காரர் ஈனாக்குக்கு இடுப்பில் ஏறவில்லை. மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவரை அறை நடுவில் நிற்க வைத்திருந்தோம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நின்றார். சிமென்ட் சூளையில் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கிய உடம்பு. மேல்மாடியில் குடியிருக்கும் லட்குரோவோ கொடிக்கம்பு மாதிரி இருப்பார். அவருடைய கால்சட்டை இவருக்கு எப்படிச் சேரும்?

"பயப்படாமப் பிரிங்க, மிஸஸ் டாப்செல்," என்றார் லட்குரோவ். "பின்பக்கம்தானே. மேல கோட்டு வந்து மறைச்சிடும். அங்க போயி கோட்ட மட்டும் கழட்டிடக் கூடாது. உக்காரச் சொன்னாலும் நாற்காலி நுனியில உக்காரணும்."

பின் தையலைப் பிரித்து, என் பழைய பாவாடையிலிருந்து கிழித்த கறுப்புத் துண்டை நடுவில் வைத்துத் தைத்தேன். ஊரார் துணியை வெளுத்துக் கஞ்சி போட்டுத் தேய்த்துத்தான் நான் பிழைக்கிறேன். ஊசியும் எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று கை ஓடவில்லை. இரண்டு தரம் விரலில் குத்திக்கொண்டேன். லண்டன் வண்டி ஒன்பது மணிக்கு.

எங்கள் மகன் லென்னுக்குத் தூக்குத் தண்டனை விதித்திருந்தார்கள். வேலை முடிந்து குடித்துவிட்டு வரும்போது, கூட வேலை பார்த்த சிரில் டேஸோடு வாய்த் தகராறு. மூட்டை அறுக்கும் கத்தி இவன் இடுப்பில் இருந்தது. அவ்வளவுதான், ஒரு நிமிஷத்தில் இரண்டு வீடு போயிற்று. தீர்ப்புக்கும் தூக்குக்கும் நடுவில் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடுவது எங்கள் நாட்டு வழக்கம். இரண்டு போய்விட்டது. சிறையில் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு போடுகிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தபோது கன்னம் உப்பியிருந்தான். காவலர்களோடு தாயம் மாதிரி ஏதோ காய் விளையாடுகிறானாம், அதில் ஜெயித்ததைச் சொன்னான். வீட்டிலிருந்த வரைக்கும் சதை பிடிக்காத பிள்ளை, சாகப்போகிற இடத்தில் போய் உடம்பு தேறியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

கருணை மனுவில் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டார்கள். அதை உள்துறை மந்திரியிடம் நேரில் கொடுத்துப் பேச எங்கள் தொகுதியின் பார்லிமென்ட் மெம்பர் ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால், அன்று மத்தியானம், பையனின் அப்பாவை மட்டும் ஒரு தரம் பார்க்கிறேன் என்று பாதிரியாரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா வர வேண்டாமாம், அழுவாளாம்.

உடுப்பு யோசனை லட்குரோவுடையது. பெரிய துணிக்கடையில் வருகிற சீமாட்டிகளைக் குனிந்து வரவேற்று, எந்தப் பக்கம் பட்டு, எந்தப் பக்கம் கம்பளி என்று கூட்டிக்கொண்டு போவது அவர் உத்தியோகம். பகல் வேளையில் பெரிய மனிதர்கள் எப்படி உடுத்துவார்கள் என்பது அவருக்கு மனப்பாடம். "சூளைத் தொப்பியும் கழுத்துத் துண்டுமாப் போனா, பாவம்னு ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பிச்சிடுவாங்க," என்றார். "அவங்கள மாதிரியே உடுத்திட்டுப் போனா, தன் வீட்டுப் பையனுக்கு இப்படி ஆனா என்னன்னு ஒரு நிமிஷமாவது தோணும்." இது எவ்வளவு தூரம் நிஜம் என்று எனக்குத் தெரியாது. பைத்தியக்காரத்தனம் என்றுகூட உள்ளுக்குள் தோன்றியது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாதே. தலைகீழாக நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பேன்.

வாரம் பூராவும் இதே வேலைதான். சவப்பெட்டிக் கடைக்காரர் தன் நீளக் கோட்டைக் கொடுத்தார். லட்குரோவ் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அது ஊர்வலத்துக்கு ஆனது, ஆபீசுக்குப் போகக் குட்டைக் கோட்டுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார். இன்ஷூரன்ஸ் வசூல்காரரின் விதவை கறுப்புக் குட்டைக் கோட்டு கொடுத்தாள். கசாப்புக்கடை ஹாப்டே தன் சங்கக் கூட்டங்களுக்குப் போடுகிற புறா நிறக் கையில்லாச் சட்டையைக் கொடுத்தார், பொத்தானில் கறை படாமல் வர வேண்டும் என்று. உருண்டைத் தொப்பி குதிரைப் பந்தயக்காரன் ஒருவனுடையது. பூட்ஸ் மட்டும்தான் எங்களுடையது, கறுப்பு மசி போட்டுப் போட்டு முகம் தெரிகிற மாதிரி தேய்த்திருந்தேன்.

கால்சட்டை ஏறிற்று. ஒவ்வொன்றாக மாட்டினோம். பக்கத்து வீட்டு குவீனி வாசல் கதவில் சாய்ந்துகொண்டு, "அடி ஹெட்டி, உன் புருஷன் இம்புட்டு அழகா இருப்பாருன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நான் கொத்திட்டுப் போயிருப்பேன்," என்றாள். அவளுக்குப் பயம் வந்தால் இப்படித்தான் பேச்சு வரும்.

ஈனாக் ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். "லென் பாத்தா சிரிப்பான்," என்றார். நாலு பேரும் சிரிக்கப் பார்த்தோம், வரவில்லை.

அப்புறம் லட்குரோவ் பையிலிருந்து டையை எடுத்தார். கறுப்பு டை.

"என்ன இது?" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாம்பல் நிறம்தான் கட்டணும். எங்க கடையில முதலாளி ஒருத்தருக்குத்தான் சாம்பல், எங்களுக்கெல்லாம் கறுப்பு. தெரிஞ்சவன் ஒருத்தன்கிட்டக் கேட்டு வச்சிருந்தேன். யாருக்குன்னு நேத்து ராத்திரி கேட்டான், சொன்னேன். அலமாரியப் பூட்டிட்டான்."

"கறுப்பு கட்டினா என்ன அர்த்தம்?"

அவர் டையின் மடிப்பை விரலால் நீவினார். இழவுக்குத்தான் கறுப்பு என்பது எனக்கே தெரியும். எங்கள் சந்தில் எல்லா ஆண்பிள்ளைகளிடமும் ஒரு டை இருக்கும், அது கறுப்பாக இருக்கும், கல்லறைத் தோட்டத்துக்குத் தவிர வேறெதற்கும் அது அலமாரியை விட்டு வெளியே வராது.

"என் பிள்ளை இன்னும் சாகல," என்றேன். "அவன் உயிரக் கேக்கப் போறவரு துக்கம் கட்டிட்டுப் போறதா? அந்த மனுஷன் பாத்தா, இவங்களே முடிஞ்சதுன்னு வந்துட்டாங்கன்னு நினைக்க மாட்டாரா?"

"ஹெட்டி, டைதானே," என்றார் ஈனாக். "நேரமாகுது." அவர் நாடியைத் தூக்கிக்கொடுத்தார். லட்குரோவ் அந்தக் கறுப்புத் துணியை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டு முடிச்சை மேலே தள்ளினார். அதைப் பார்த்ததுதான் தாமதம், கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன்.

ஒவ்வொரு வீடாகத் தட்டினேன். சாம்பல் டை இருக்கா, சாம்பல் டை இருக்கா என்று பிச்சைக்காரி மாதிரி. இழுப்பறையைத் திறந்து காட்டினார்கள், கறுப்பு. ஒருத்தி புள்ளி போட்ட சிவப்புத் துண்டை நீட்டினாள். இன்னொருத்தி என்னைப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டாள், அவளைத் தேற்ற எனக்கு நேரமில்லை. குவீனி மூச்சிரைக்கப் பின்னாலேயே வந்தாள்.

"நம்ம பக்கத்துல யாரும் சாம்பல் கட்டிப் பாத்ததில்லடி. வசந்தத்துல அந்தக் கல்யாணத்துல மட்டும்தான், நம்ம சிரில்..." என்று ஆரம்பித்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கும் ஞாபகம் வந்தது. தேவாலயப் படியில் சிரில் டேஸ், பக்கத்தில் அந்தச் சின்னப் பெண், அவன் கழுத்தில் வெள்ளி மாதிரி மின்னிய சாம்பல் டை. பெண் வீட்டார் வாங்கிக் கொடுத்தது. எங்கள் லென்தான் முன்னால் நின்று அவன் மேல் அரிசி வீசினான்.

"போகாத ஹெட்டி," என்றாள் குவீனி. நான் போனேன். எந்த மூஞ்சியோடு போனாய் என்று பிறகு பல பேர் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு மூஞ்சிதான்.

டேஸ் வீடு சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் கடைசி வீடு. சிரிலின் அம்மா ஆக்னெஸ் டேஸும் நானும் சேர்ந்து வயிறு தள்ளிக்கொண்டு திரிந்தவர்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே சமயத்தில் அம்மை போட்டது. இது நடந்த பிறகு அவளை எதிரில் பார்த்தால் நான் சந்து மாறிப் போய்விடுவேன். கதவைத் தட்டியதும் அவளே திறந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். என்னைப் பார்த்து அவள் முகத்தில் கோபம் வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் வரவில்லை.

"என்ன வேணும்?"

"ஆக்னெஸ், ஒரு டை. சாம்பல் டை. சிரில் கல்யாணத்துக்குக் கட்டினது."

உள்ளே அந்த மருமகள் பெண் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"அது அவன் கழுத்துல இருக்கு," என்றாள் ஆக்னெஸ். "அதைக் கட்டித்தான் பெட்டியில வச்சோம்."

இதை நினைக்காமல் இருந்துவிட்டேனே. தெருத்தெருவாக எத்தனை வீட்டில் கேட்டேன், எல்லாம் யோசித்தேன், இது மட்டும் தோன்றவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. திரும்பினேன்.

"எதுக்குக் கேட்ட?"

சொன்னேன். மெம்பர், மந்திரி, கோடு போட்ட கால்சட்டை, கறுப்பு டை, எல்லாவற்றையும் அவள் வாசலில் நின்று கொட்டிவிட்டேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது.

"கையெழுத்து வாங்குற அந்தக் காகிதம் தெருவெல்லாம் போச்சு," என்றாள். "எங்க மதில் வரைக்கும் வந்துச்சு. ஹாப்டே கையில வச்சிக்கிட்டு நின்னாரு, வீட்டப் பாத்தாரு, திரும்பிப் போயிட்டாரு. நான் ஜன்னல்லேருந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

"கேக்க வாய் வரல, ஆக்னெஸ்."

"டை கேக்க வந்துச்சே."

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். போய்விடலாமா, நிற்கலாமா என்று புரியவில்லை. வெளியே வந்தபோது தொப்பி வைத்திருந்தாள், மேல்கோட்டு போட்டிருந்தாள், கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். தலை முதல் கால்வரை கறுப்பு. "ஒன்பது மணி வண்டிதானே?" என்று கேட்டுவிட்டு என்னைத் தாண்டி நடந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். "ஆக்னெஸ், எங்க போற? அந்த மெம்பர்கிட்டப் போயி என்ன சொல்லப் போற?" அவள் திரும்பவில்லை. "எதுவாயிருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போ. நான் உன் கால்ல விழறேன்." சுண்ணாம்புத் தூசி பறக்கிற அந்த ரோட்டில் அவள் பாட்டுக்கு நடந்தாள். தடுத்து நிறுத்தலாமா என்றுகூட நினைத்தேன். எந்த உரிமையில் தடுப்பது? அவளுக்குப் பேச இருக்கிறது, அதைக் கேட்க இத்தனை நாள் யாரும் போகவில்லை. கேட்க வேண்டிய முதல் ஆள் நான்தான்.

ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றிருந்தது. ஈனாக்கை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எவரோ பாங்குக்காரர் ஒருவர் பெட்டியில் ஏறுகிறார் என்று பார்த்தால், அவர். கழுத்தில் அந்தக் கறுப்பு டை நேராக, மடிப்பில்லாமல், கண் வைக்கிற மாதிரி அமைந்திருந்தது. ஆக்னெஸ் அதே பெட்டிக் கதவைத் திறந்து ஏறினாள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இருங்கள் என்கிற மாதிரி அவள் கையை அசைத்துவிட்டு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். வேறு யாரும் அந்தப் பெட்டியில் இல்லை.

நான் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கதவுகளை அடித்துச் சாத்திக்கொண்டு வந்த ரயில்வே ஆள், கறுப்பு டை கட்டிய அந்தப் பெரிய மனிதரையும் எதிரில் இருந்த கறுப்பு உடுப்புக்காரியையும் பார்த்தான். ஒரே வீட்டுத் துக்கம் என்று எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது. தொப்பியை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்தினான்.

விசில் ஊதினார்கள். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஆக்னெஸின் உதடு அசைந்தது. நீளமாக எதையோ சொல்ல ஆரம்பித்தாள். என் பிள்ளையை விடச் சொல்கிறாளா, தூக்கில் போடச் சொல்கிறாளா, வெளியே ஒன்றும் கேட்கவில்லை. ஈனாக் நாற்காலி நுனியில் உட்காருவது போல உட்கார்ந்து, தலையை முன்னால் நீட்டிக் கேட்டார். நான் கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.