அரைப் பேர்

சுதேஷின் பரம்பரையிலேயே வேலைக்குப் போகாத முதல் பெண் யசோதாதான். அதை அவன் குறையாக நினைக்கவில்லை, பட்டமாகவே நினைத்தான். அவனுடைய அம்மா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். அக்காமார் ஐந்து பேரும் கொழுந்தெடுத்தவர்கள். கடைக்குட்டியான சுதேஷ் மட்டும் படித்து, கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் கிளார்க்காகி, அம்பிட்டியவில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்து, அதற்குள் ஒரு மனைவியை உட்கார வைத்திருந்தான். கலியாண வீடுகளில் யாராவது, "வைஃப் என்ன செய்றாங்க?" என்று கேட்டுவிட்டால் போதும், சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டு, "அவங்க வேலைக்குப் போறதில்ல" என்பான். புதுக் கார் வாங்கியவன்கூட அவ்வளவு அடக்கமாகச் சொல்லமாட்டான். கேட்டவர்கள் யசோதாவைத் திரும்பிப் பார்த்து, "குடுத்து வச்சவ" என்பார்கள்.

அந்தக் குடுத்து வைத்தவள் காலை ஐந்து மணிக்கு எழும்பினால் உட்காருவது மத்தியானம் மகள் தூங்கும்போதுதான். மகள் தர்ஷிகாவுக்கு மூன்றரை வயது. தூங்கும்போது ஒரு காலைத் தூக்கி அம்மாவின் வயிற்றில் போட்டுக்கொள்ளும். அந்த ஒரு மணி நேரத்துக்காக யசோதா மற்ற இருபத்து மூன்று மணி நேரத்தையும் மன்னித்துவிடுவாள். அதையும் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கதை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

சுதேஷ் கஞ்சனும் அல்ல. கேட்டால் கொடுப்பான். கொடுப்பதற்கு முன், "எதுக்கு?" என்று மட்டும் கேட்பான். கோபமாகக் கேட்பதில்லை, பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரரிடம் மணி கேட்பதுபோல் கேட்பான். அந்த ஒரு சொல்தான் யசோதாவுக்குத் தொண்டையில் முள். போன மாதம் உள்ளாடை வாங்க வேண்டியிருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, "வெங்காயத்துக்கு" என்றாள். அப்புறம் அந்த வாரம் முழுக்க வெங்காயம் இல்லாமல் சமைத்தாள். குழம்பு இந்த வாரம் நன்றாக இருக்கிறது என்றான் அவன்.

கலியாணத்துக்கு முன்பும் பின்புமாக ஆறு வருடம் அவள் கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தவள். வந்தவர் பெயர்ப் பலகையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிற விதத்திலேயே அவருக்கு என்ன கண்ணாடி வேண்டுமென்று பாதி சொல்லிவிடுவாள். பிள்ளை பிறந்தபோது கொஞ்ச நாளைக்கென்று வேலையை விட்டு நின்றாள். கொஞ்ச நாள் மூன்றரை வருடமானது.

திங்கட்கிழமை கடை முதலாளி அஸீமா போன் எடுத்தாள்.

"யசோதா, வேலைக்கு நின்ன புள்ள கலியாணம் முடிச்சிப் போறா. ஒங்கட எடத்துக்குப் புது ஆள எடுக்க எனக்கு மனசில்ல. ஆனா கட ஓடணுமே. வெள்ளிக்கிழமைக்கு முந்திச் சொல்லுங்க. வெள்ளி தாண்டிச்சின்னா வேற ஆள் எடுத்திருவன்."

அன்று மாலை சுதேஷிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். கதிரையில் சாய்ந்து, கண்ணைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, பழைய கதையை எடுத்தான்.

"எங்கம்மா என்னப் புள்ளக்காம்பராவுல விட்டுட்டுத்தான் மலைக்குப் போனாங்க. கம்பியப் புடிச்சிக்கிட்டு அழுவேன். அந்த அழுக எனக்கு இன்னும் காதுல கேக்குது, யசோதா. எம்புள்ளைக்கு அந்தக் கதி வேணாம்."

தோட்டத்தில் தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. இந்தக் கதையைக் கேட்டால் யசோதாவுக்கு வாயடைத்துவிடும். அழுத குழந்தையோடு யார் வாதம் பண்ணுவது? இந்த முறை வாயடைக்கவில்லை. "எனக்குப் போகணும்" என்றாள். அதையே செவ்வாயும் சொன்னாள். சுதேஷ் பயந்துபோனான். தன்னால் ஆகாத காரியத்துக்கு ஆள் பிடிக்கப் புறப்பட்டான்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி லீவு. ஹந்தானையிலிருந்து மூத்த அக்கா பேச்சியம்மாவை வரவழைத்தான். தம்பிக்கும் அவளுக்கும் பதினெட்டு வயது வித்தியாசம். முப்பத்தைந்து வருடம் கொழுந்தெடுத்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். அன்றிலிருந்து தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். உழைத்துத் தேய்ந்த அக்கா, வீட்டிலிருப்பதன் அருமையை எடுத்துச் சொல்லுவாள் என்பது சுதேஷின் கணக்கு. கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்று அவன் எங்கே கண்டான்.

அக்கா தேத்தண்ணியைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தான்.

"அக்கா, நீயே சொல்லு. பொம்பள வீட்டோட இருந்தாத்தானே பேரு?"

பேச்சியம்மா கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள்.

"வீட்டோட இருந்தா எப்பிடிடா பேரு? மலைக்குப் போகாதவளுக்கு எவன் பேர் போடுவான்?"

யசோதா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். அவளும் தெல்தோட்டைத் தோட்டத்தில் பிறந்தவள்தான். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். டவுனுக்கு வந்து கொலர் வைத்த சட்டை போட்டதில் சுதேஷுக்கு அது மறந்துபோயிருந்தது.

"அந்தப் பேர் இல்லக்கா. நல்ல பேரு. மரியாத."

"அதச் சொல்றியா" என்றாள் பேச்சியம்மா, கொஞ்சம் ஏமாற்றத்துடன். பிறகு யசோதாவிடம் திரும்பினாள். "ஏன் தாயி, இவன் ஒனக்குப் பேர் போடுறானா?"

"இல்ல மதினி."

"அரைப் பேரு?"

"அதுவும் இல்ல."

"மூணு வருசமாவா?"

"மூணரை."

கொழுந்து நிறுக்கும்போது தராசில் விரல் வைத்த கணக்கப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பேச்சியம்மா தம்பியைப் பார்த்தாள். சுதேஷ் அவசரமாகப் பிள்ளைக்காம்பராவை எடுத்தான். கம்பி, அழுகை, காதில் கேட்பது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். பேச்சியம்மா முழுதையும் கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தாள்.

"அழுதது நெசந்தான்டா. காலையில இல்ல, பொழுதுசாய. அம்மா தூக்கிட்டுப் போக வந்தா, வர மாட்டேன்னு ஆயாம்மா சீலையப் புடிச்சிக்கிட்டு அழுவ. அங்க சீனி போட்ட ரொட்டி குடுப்பாங்க, அதான். பாவம், அம்மாதான் அதப் பாத்துட்டு வழியெல்லாம் அழுதுக்கிட்டு வரும்."

யசோதாவை மூன்றரை வருடம் வீட்டில் நிறுத்திவைத்திருந்தது அந்த ஒரு அழுகைதான். அது ரொட்டிக்காக அழுத அழுகை என்று இப்போது தெரிந்தபோது, யசோதாவுக்குச் சிரிப்பதா கையிலிருந்த தட்டத்தைப் போட்டு உடைப்பதா என்று தெரியவில்லை. தட்டம் புதிது. உடைக்கவில்லை.

"அப்ப புள்ளய யாரு பாக்குறது?" என்றான் சுதேஷ் கடைசியில்.

"நான் பாக்குறேன்" என்றாள் பேச்சியம்மா.

அவன் முகம் மலர்ந்தது.

"பேர் போட்டா" என்று முடித்தாள் அவள். "தோட்டத்துல இப்ப என்ன பேர்க்காசோ அதே குடு, போதும். ஞாயிறு லீவு, போயா லீவு. தீவாளிக்கு அட்வான்ஸ். சமையல் வேற, அத இதுல சேக்காத."

"சொந்தத் தம்பி புள்ளைக்குக் காசு கேக்குறியேக்கா."

"சொந்தம்னாத்தான்டா பயம். ஊரான்னா யூனியனுக்குப் போகலாம்."

யசோதாவுக்கு அந்த நிமிடம் மதினி மேல் பொறாமையாக இருந்தது. தான் மூன்றரை வருடம் செய்த அதே வேலை. இவள் ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஆறுவதற்குள் அதற்கு லீவும் அட்வான்ஸும் வாங்கிவிட்டாள். தனக்கு ஏன் ஒரு நாளும் கேட்க வாய் வரவில்லை?

சுதேஷ் அதற்குள் போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கணக்கு முடிந்ததும் அவனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"ஒன் சம்பளம் நாளுக்கு ஒன்றரைப் பேர்தான் வருது. அக்காவுக்கு ஒரு பேர் போனா, ஒங்கையில நிக்கிறது அரைப் பேர். அரைப் பேருக்காகவா எல்லாத்தையும் விட்டுட்டுப் போகப்போற?"

"அக்காவுக்கு ஏன் எஞ்சம்பளத்துல இருந்து போகுது? புள்ள ஒங்களுக்கும்தானே?"

இந்தக் கேள்வி அவனுடைய போன் கணக்கில் இல்லை. அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தேத்தண்ணியைப் பார்த்தாள். யார் தந்தாலும் பேர் பேர்தான் அவளுக்கு.

"சரி, எஞ்சம்பளத்துலயே போகட்டும்" என்றாள் யசோதா. "மூணரை வருசமா முழுப் பேருக்கு வேல செஞ்சேன். ஒரு நாளும் யாரும் பேர் போடல. இந்த அரைப் பேராவது எம்பேர்ல விழட்டும்."

அன்றே அஸீமாவுக்குப் போன் எடுத்தாள். வெள்ளி வரை பொறுக்கவில்லை. பொறுத்தால் மனம் மாறிவிடும் என்று அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்திருந்தது.

அடுத்த திங்கள் காலை ஆறரைக்குப் பேச்சியம்மா பையோடு வந்து நின்றாள். சுதேஷ் கசங்கிய சட்டையோடு அயர்ன் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். அக்காவை ஒருமுறை பார்த்தான். அக்கா பிள்ளையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

தர்ஷிகா அழுதாள். யசோதா நினைத்ததைவிடச் சத்தமாக, இரண்டு கையாலும் அம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பேச்சியம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். யசோதா படியிறங்கி, கேற்றைத் தாண்டி, மதிலோடு நின்றுவிட்டாள். மேலே அழுகை கேட்டது. திரும்பிப் போய்விடலாம். போனால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். நல்ல பேர்கூட வாங்கலாம். பால் கட்டிய நாட்களில் வலித்ததுபோல் நெஞ்சு வலித்தது. இன்னும் ஒரு தடவை "அம்மா" என்று கூப்பிட்டால் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு காத்திருந்தாள்.

அழுகை நின்றது. யசோதா காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். மீண்டும் தொடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து பிள்ளை சிரிக்கும் சத்தம் வந்தது. அதைக் கேட்டு அவளுக்கு எவ்வளவு நிம்மதியோ அவ்வளவு கோபமும் வந்தது, அதுவும் மூன்றரை வயதுப் பிள்ளை மேல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்டி பஸ் வரும் பக்கமாக நடந்தாள்.