பஞ்சில் ஒட்டாத சிவப்பு

நாடகக் கம்பெனியின் ஒப்பனைக்காரர் அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் தனக்கே மேக்கப் போட்டுக்கொண்டார். கன்னத்துக்கு, காது மடலுக்கு, நகத்துக்கும்கூட.

"ஏங்க, டாக்டரைப் பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. ஊசி வேலை செய்யலைன்னு சொல்லிட்டாங்கன்னா, அடிக்கடி ரத்தம் ஏத்திக்கிட்டு இந்த ஊர்லயே கெடக்கணும். கம்பெனியோட ஊர் ஊராப் போறதெல்லாம் அம்போ!"

அவருடைய எலும்பு மஜ்ஜையில் கோளாறு. சிவப்பணுக்கள் பிறக்கின்றன, முதிர்வதற்குள் அங்கேயே செத்துப்போகின்றன. அவர் அதைத் தன் பாணியில் புரிந்துகொண்டார். நடிகர்கள் வேஷம் கட்டி முடிப்பதற்குள் ஒப்பனை அறையிலேயே பொத்துப் பொத்தென்று விழுகிறார்கள், மேடை காலி. அவர்களைத் தேற்றி வெளியே அனுப்பத்தான் அந்த ஊசி.

ரத்தப் பரிசோதனை இருக்கும்போது முகப்பூச்சு எதற்கு என்று கேட்காதீர்கள். பயந்த மனுஷனுக்கு அவ்வளவு ஓடாது. வெளுத்த முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாததால், பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பூசினார். லட்சணமும் அப்படித்தான் இருந்தது. அடுத்தவர் போட்ட மேக்கப்பை ஒருநாளும் நல்லதென்று சொல்லாத மகராசன்!

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கன்னத்தைத் தொட்டார். விரல் சிவந்தது.

"எல்லாம் ஊசி மகிமை டாக்டர்," என்றார் ஒப்பனைக்காரர். மனைவி கூரையைப் பார்த்தாள்.

டாக்டரம்மா பஞ்சை நனைத்துத் துடைத்தார். பஞ்சு சிவப்பு. இன்னொரு பஞ்சு, ரோஸ். அடுத்தது வெள்ளை. இன்னும் அழுத்தித் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. கன்னத்தில் மட்டும் லேசான சிவப்பு போகவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அங்கேயும் சிவப்பு.

"இங்கயுமா பூசினீங்க?"

"ஐயோ, கண்ணுக்குள்ள யாராச்சும் பூசுவாங்களா டாக்டர்!"

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் ரிப்போர்ட்டைத் திறந்தார். அவர் முகமும் மலர்ந்தது. "ஹீமோகுளோபின் நல்லா ஏறியிருக்கு. ஊசி வேலை செய்யுது. ரத்தம் ஏத்த வேண்டாம். ஊசி போடுற நாள்ல சரியா வந்துடுங்க, மத்த நாள்ல எங்க வேணா போங்க."

மனைவி கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து நீட்டினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவர் இரண்டு கண்ணையும் திறந்து தன்னைப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பிரமாதமான வேலை," என்றார். "நான் போட்டிருந்தாக்கூட இவ்வளவு நல்லா வராது."