வெள்ளிக்கிழமைக் குதிரைப்படை

கல்யாணமாகி ஏழெட்டு மாதம் கழித்துத்தான் ஷாஹினாஸும் அமீனும் முதல் சண்டை போட்டார்கள். அதுவும் குதிரைகளுக்காக.

அதுவரை சண்டை போடுகிற அளவுக்கு அவர்களுக்குள் பழக்கமே இல்லை. 2010 கடைசியில் நிக்காஹ் நடந்தது. ஷாஹினாஸ் கோட்டாற்றுப் பெண், கம்ப்யூட்டர் படித்தவள். அமீனுக்குத் தேங்காய்ப்பட்டணம், ஷார்ஜாவில் ஒரு மொபைல் கடையில் போன் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய லீவு விருந்துக்குப் போய்வரவே சரியாக இருந்தது. வீடு வீடாக நெய்ச்சோறு தின்று, எல்லோரையும் பார்த்துச் சிரித்து, ஆட்டோவில் திரும்பும்போது இருவருக்கும் கண் சொக்கும். அப்படியே லீவு தீர்ந்து அவன் விமானம் ஏறிவிட்டான். அவள் மாமியார் ஹலீமா பீவியோடு அவன் வீட்டில் தங்கினாள்.

தினமும் போன் வரும்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"ம். உம்மா என்ன செய்யுகா?"

"தொழுதுட்டு இருக்காங்க."

அதற்குமேல் இருவருக்கும் எதுவும் கிடைக்காது. அவன் மூச்சு விடுவது கேட்கும். அடுத்து என்ன கேட்கலாம் என்று அவள் சுவரில் தேடிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அப்படித் தேடியபோது, "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சா என்ன செய்வீங்க மச்சான்?" என்று வாயில் வந்தது.

"கேம் விளையாடுவேன்" என்றான், ஏதோ பீடி குடிப்பதை ஒப்புக்கொள்வதுபோல.

பழைய காலத்துப் போர் விளையாட்டு. ஊர் கட்டி, மரம் வெட்டி, பொன் தோண்டி, படை திரட்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். இணையத்தில் பலர் சேர்ந்து ஒரே களத்தில் ஆடலாம். வீட்டில் அவன் விட்டுப்போன கம்ப்யூட்டரிலும் அது இருந்தது. "எனக்கும் சொல்லித் தாங்க" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை, அங்கே ஜும்ஆத் தொழுகை முடிந்து, இங்கே வெயில் தாழ்ந்த நேரத்தில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

அவன் பிரித்துக் கொடுத்த வேலை எளிமையானது. "நீ ஆடு மேய்ச்சு, மரம் வெட்டி, பொன்னைத் தோண்டி எனக்கு அனுப்பு. சண்டைய நான் பாத்துக்கிடுகேன்."

சில வாரங்கள் அவளும் அனுப்பினாள். அவன் போரில் தோற்றான், மறுபடி கேட்டான், மறுபடி தோற்றான். ஆடுகளோடு உட்கார்ந்திருந்தவளுக்குப் பொறுமை போயிற்று. அந்த விளையாட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு யாருக்கும் இல்லாத ஒரு தனிப்படை உண்டு. அவள் எடுத்திருந்த மங்கோலியருக்கு மங்குதாய். குதிரைமேல் இருந்தபடியே அம்பு விடுகிறவர்கள். கோட்டை கட்டினால்தான் அவர்களை இறக்க முடியும். யாரிடமும் சொல்லாமல் அவள் கோட்டையைக் கட்டினாள்.

"ஷாஹினா, பொன்னு அனுப்பு. சீக்கிரம்!"

"பொன்னு இல்லே."

"எங்க போச்சு?"

"குதிரை இறக்கிட்டேன்."

"உன்ன யாரு சண்டைக்கு வரச் சொன்னா?"

"நீங்க செத்துச் செத்து விளையாடுவீங்க, நான் காலம் பூரா ஆடு மேய்க்கணுமா?"

அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. எதிரியின் யானைகள் அவன் மதிலை முட்டிக்கொண்டிருந்தன. அவள் குதிரைகளை யானைகளின் முன்னால் கொண்டுபோய் ஓர் அம்பு விட்டாள். யானைகள் திரும்பித் துரத்தின. ஓடவிட்டாள். சற்று இடைவெளி விழுந்ததும் நிறுத்தித் திருப்பி மறுபடி அம்பு. மறுபடி ஓட்டம்.

"ஓடு, ஓடு! நில்லு! அடி!"

அடுக்களையிலிருந்து ஹலீமா பீவி கரண்டியோடு ஓடிவந்தாள். "ஏட்டி, யாரைப் போட்டு அடிக்கச் சொல்லுகே?"

"யானைய, மாமி. குதிரை வச்சு."

ஹலீமா பீவி திரையைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "அல்லாவே" என்று சொல்லிவிட்டு மீன்சட்டியைக் கவனிக்கப் போனாள்.

அன்று அவர்கள் ஜெயித்தார்கள். ஆனாலும் அமீன் கோபமாகவே போனை வைத்தான். மறுநாள் அழைப்பு இல்லை. ஷாஹினாஸுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் போன் வந்தது. சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"அந்தக் குதிரைய எப்பிடி ஓட்டினே? நான் செய்தா எல்லாம் சாவுது."

"பைய ஓட்டணும். ஆனா கண்ண எடுக்கக் கூடாது. விட்டா அங்கனயே நின்னு செத்துரும்."

"கொள்ளாமே" என்றான் அமீன். அந்த ஒரு வார்த்தைப் பாராட்டை அவள் நெடுநேரம் மனசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஊர் கட்டி முடிகிறவரை சும்மாதானே இருக்க வேண்டும்? அந்த நேரத்தில் அவன் லிஃப்டில் ஏறப் பயப்படுவதைச் சொன்னான். மாடிமாடியாக ஏறித்தான் அறைக்குப் போவானாம். அவள், காலேஜில் ஒரு பரீட்சையில் தோற்றதை வாப்பாவிடம் மறைத்த கதையைச் சொன்னாள். அவன் சிரித்தால் கடைசியில் ஒரு விக்கல் வரும் என்பதை அவள் அப்போதுதான் கண்டுபிடித்தாள்.

மறு வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த சமயம். தொடர்ந்து சில வெள்ளிக்கிழமைகள் அமீன் வரவில்லை. கடையில் கணக்கெடுப்பு என்றான். ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், துணியெல்லாம் காயப்போட்டுவிட்டு அவள் சும்மா கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஆட்டத்துக்கு ஆள் தேடுகிறவர்களின் நடுவே அமீனின் பெயர் இருந்தது.

செவ்வாய்க்கிழமை. கடை திறந்திருக்கிற நேரம்.

கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்தாள். பிறகு அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். அவன் விலகவில்லை. எதிர்ப்பக்கம் முன்பின் தெரியாத இருவர். ஆட்டம் தொடங்கியது.

அமீன் மனசில்லாமல் ஆடினான். மதில் எழுப்பவில்லை. எதிரியின் யானைகளும் கல்லெறியும் வண்டிகளும் நேரே அவன் ஊருக்குள் புகுந்தன. ஷாஹினாஸ் தன் மங்குதாய்களைத் திரட்டிக்கொண்டு களத்தைக் குறுக்கே கடந்து போனாள். முதலில் வண்டிகளை உடைத்தாள். அப்புறம் யானைகளை வெளியே இழுத்து, ஓடி, திரும்பி, அடித்து, ஓடி, அவன் ஊரை விட்டுத் தள்ளிக் கொண்டுபோனாள். இவ்வளவு நன்றாக அவள் ஒருநாளும் ஆடியதில்லை.

ஹெட்போனில் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது.

"ஷாஹினா."

"ம்."

"கடையப் பூட்டியாச்சு."

"எப்போ?"

"நோன்புக்கு முந்தியே. ரூம்ல உள்ளவனுவ சோறு போடுகானுவ. நானும் ஏறி இறங்காத கடை இல்லே. உம்மாட்ட சொல்லாண்டாம், என்ன?"

அவள் கைகள் மவுஸை விட்டு மடிக்கு வந்துவிட்டன. திரையில் குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன. யானைகள் வந்து சேர்ந்தன.

"உன் குதிரை எல்லாம் சாவுது" என்றான் அவன்.

"சாவட்டும். நீங்க சொல்லுங்க."

அவன் சொன்னான். நோன்பு மாசம் முழுக்க ஒரு கடை முதலாளி நாளை வா, நாளை வா என்று அலைக்கழித்தது. பெருநாளன்று புதுச்சட்டை போட்டு எடுத்து அவளுக்கு அனுப்பிய போட்டோவில் இருந்த சட்டைகூட அறையில் இருந்த ஒருவனுடையது என்பது. பிறகு தானே தேற்றிக்கொள்கிறவன்போல, "நானும் உன் மங்குதாய் போலத்தான். இப்ப ஓடுகேன், திரும்பி அடிப்பேன்" என்றான்.

"கேமை விடுங்க மச்சான். நேரத்துக்குத் தின்னுகீங்களா இல்லையா? அதச் சொல்லுங்க."

அவன் பேச்சை மாற்றி, உம்மாவின் சுகத்தைக் கேட்டான். அவளுக்கு விளங்கியது.

"மாமிட்ட நான் சொல்லுகேன்."

"கரைவா ஷாஹினா."

"கரைஞ்சா நான் கூட இருக்கேன்."

ஹலீமா பீவி கரையவில்லை, கண்கூடக் கலங்கவில்லை. கேஸை அணைத்தாள். அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள். "மெலிஞ்சிட்டானா?" என்று கேட்டாள். பிறகு சற்று யோசித்து, "இங்க உள்ள மனுஷனுவளுக்கு போன் கெட்டுப்போவாதா?" என்றாள்.

அந்தக் கேள்வி ஷாஹினாஸைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரமே இருவரும் பஸ் ஏறிப் பக்கத்து ஊரான கருங்கல்லுக்குப் போனார்கள். கடை கடையாகக் கேட்டார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சுயம்பு என்கிற தையல்காரர், தன் கடையில் முன்பாதி சும்மா கிடப்பதாகச் சொன்னார். ஹலீமா பீவி சுவரைத் தட்டிப் பார்த்தாள், அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஷாஹினாஸ் வாசலில் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களின் கைகளைப் பார்த்தாள். கைக்கு ஒரு போன்.

அமீன் உடனே சம்மதிக்கவில்லை. வெறுங்கையோடு எப்படி வருவது என்று பல நாள் முரண்டு பிடித்தான். அவளும் விடவில்லை. "போன் ரிப்பேர் தெரிஞ்ச கை வெறுங்கையா? சாஃப்ட்வேர் வேலைய நான் பாக்கேன். மத்தது நீங்க" என்றாள். இப்போதெல்லாம் அவன் அவளிடம் தோற்றால் கோபப்படுவதில்லை.

ஐப்பசி மழையில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் மாமியாரும் மருமகளும் போனார்கள். அமீன் வெளியே வந்தான். நிஜமாகவே மெலிந்திருந்தான். ஹலீமா பீவி அவன் முகத்தைத் தடவித் தடவி, அத்தனை நாள் அடக்கிவைத்ததை எல்லாம் அங்கே கரைந்து தீர்த்தாள். ஷாஹினாஸ் அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"கடை எப்படி இருக்கு?" என்று காரில் ஏறியதும் கேட்டான்.

ஷாஹினாஸ் வாயைத் திறப்பதற்குள், முன்சீட்டிலிருந்து ஹலீமா பீவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "மழைக்கு ஒரு மூலை ஒழுகும். ஆனா ஆள் நடமாட்டம் உண்டு மக்கா."

அமீன் சிரித்தான். கடைசியில் விக்கல் வந்தது. "எந்த மூலை?" என்று கேட்டான். ஷாஹினாஸ் தன் உள்ளங்கையை விரித்து, மேசை எங்கே, கண்ணாடி அலமாரி எங்கே, ஒழுகுகிற மூலை எங்கே என்று விரலால் வரைந்து காட்டத் தொடங்கினாள். எல்லையில் களியக்காவிளை தாண்டியும் அவர்கள் அந்தக் கையை விட்டு நிமிரவில்லை.